தரங்கம்பாடிக்குப் போனால் முதலில் கோயில்

வணக்கம், நேயர்களே. மயிலாடுதுறையில் பஸ் ஏறி செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் தாண்டிப் போனால் தரங்கம்பாடி. ஒரு காலத்தில் ரயிலே ஓடியது. 1926-ல் வந்த பாதை 1986-ல் மூடப்பட்டது. காரைக்காலுக்கு மாதம் தவறாமல் போகிற நம் டெல்டாக்காரர்களில் எத்தனையோ பேர் இந்த ஊரில் இறங்கியதே இல்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம்.

இறங்குகிறவர்களும் நேரே டேனிஷ் கோட்டைக்குத்தான் போகிறார்கள். நீங்கள் முதலில் பக்கத்தில் உள்ள மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போங்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. முன்பகுதியை அலை அரித்துக் கொண்டுபோய்விட்டது. இப்போது கருங்கல் கொட்டிக் காக்கிறார்கள். அங்குள்ள கல்வெட்டு இந்த ஊரைச் 'சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்' என்கிறது. தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்காரர்கள் கோட்டை எழுப்பியது 1620-ல். அதற்கு முந்நூறு ஆண்டு முன்பே இது பட்டினம். வெறும் மணல்மேட்டைத் தேடி யாரும் மிளகு வாங்க வரமாட்டார்கள்.

கோட்டை மதிலில் நின்று பார்த்தால், "துறைமுகம் எங்கே?" என்று கேட்கத் தோன்றும். கப்பல் ஒதுங்க வளைகுடா கிடையாது, திறந்த கரைதான். கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் கரைசேர்ந்தது நம் மீனவர்களின் தோணியில். சோழமண்டலக் கரையின் அலைத் தோணிக்கு ஆணி கிடையாது. பலகையில் வரிசையாகத் துளை போட்டு, இடைவெளியில் நார் வைத்து, தென்னங்கயிற்றால் இறுக்கித் தைப்பார்கள். அலை தூக்கி மணலில் அடிக்கும்போது ஆணி அடித்த படகு விரிந்துபோகும். தைத்த தோணி வளைந்து கொடுக்கும். அந்தத் தையலும், எந்த அலையில் துடுப்பை அழுத்துவது என்ற கணக்கும் தெரிந்த கைகள் இல்லையென்றால் கோட்டைக்குள் ஒரு மூட்டைகூடப் போயிருக்காது. ஆளுநர்களின் பெயர்கள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. தோணிக்காரர் பெயரை யார் எழுதினார்கள்?

1706-ல் ஜெர்மானிய கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு இறங்கியதும் இந்தக் கரையில்தான். சில ஆண்டுகளில் அச்சகம் வந்தது. ஜெர்மனியில் வார்த்த தமிழ் எழுத்துகளும் கப்பலேறி வந்தன. 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் இங்கே அச்சாகிவிட்டது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1845-ல் டென்மார்க் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயரிடம் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றது. 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வணிகம் அந்தப் பக்கம் போய்விட்டது. 2004 சுனாமி மீனவர் தெருக்களைப் புரட்டிப்போட்டது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனால் கோயிலில் தொடங்குங்கள். அடுத்து கரைக்குப் போய், வலை பின்னும் பெரியவர் யாரிடமாவது அனுமதி கேட்டு உட்காருங்கள். தோணியைப் பற்றிப் பிள்ளைகளே கேட்கட்டும். கோட்டைக்குள் இருக்கிற அருங்காட்சியகத்துக்கு வெயில் ஏறிய பிறகு போகலாம்.