உலையில் ஏறுமுன் ஒரு பிடி

விழாத் தலைவர் அவர்களே, திருக்கோயில் அறங்காவலர் குழுத் தலைவர் அவர்களே, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே (முந்தி வந்த அரசியல்வாதியைப் பாராட்டாமல் மேலே போகக்கூடாது), ஒரு கண்ணைப் பந்தியிலும் ஒரு காதை இங்கும் வைத்திருக்கும் மகளிர் மன்றத்துத் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

‘இல்லறத்தில் இறைவழிபாடு’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வாசல் கோலம், உலை அரிசி, அந்தி விளக்கு என மூன்றையும் பேச வந்தேன். கோலத்தை அரிசி மாவில் போடுங்கள், கல்மாவை எறும்பு தின்னாது. கோலத்துக்கு இவ்வளவு போதும். உலைக்கு வருகிறேன்.

‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்’ என்பார்கள். இளையான்குடி மாறனார் வீட்டில் என்ன மிஞ்சியிருந்தது? கொட்டுகிற மழை, ராத்திரி நேரம். நனைந்தபடி ஓர் அடியார் வந்து நிற்கிறார். வீட்டில் மணி அரிசி கிடையாது, அக்கம்பக்கத்தில் இனிக் கடனும் கிடையாது. ‘பகலில் விதைத்த முளைநெல்லை வாரி வாருங்கள்’ என்கிறார் மனைவி. மாறனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இருட்டில் காலால் வழி தடவிப் போய், மழைநீர் ஒதுக்கிய முளைகளை அள்ளி வருகிறார். விறகு? கூரை வரிச்சை அறுத்துத் தள்ளுகிறார். கறி? கொல்லைக் குழியில் இளங்கீரையை வேரோடு பறித்துத் தருகிறார். ஈர நெல் உரலில் குத்துப்படாது, நசுங்கும். அந்த அம்மாள் சேறு போகக் கழுவி, வறுத்து, குத்தி, அரிசியாக்கி உலையேற்றுகிறார். ஒரே கீரையில் பல கறி செய்கிறார். நாயன்மார் வரிசையில் இருப்பவர் மாறனார். யோசனையும் கைப்பக்குவமும் அந்த அம்மாளுடையவை. அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள், ‘தனக்கு மிஞ்சித்தான்’ என்று!

‘உண்ணும்போது ஒரு கைப்பிடி’ என்றார் திருமூலர். வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. நான் கேட்பது அன்னதானத்துக்குத் தினம் ஒரு பிடி அரிசி, அதையும் சமைக்குமுன்னே. சோறு மிஞ்சினால் கொடுப்பது மிச்சம் தள்ளுவது. உலைக்கு அளக்குமுன் எடுத்து வைப்பதுதான் படையல்.

பெரியவர் கையில் ஒரு பிடி சுமார் 50 கிராம். மாதம் ஒன்றரைக் கிலோ. நூறு வீடு சேர்ந்தால் 150 கிலோ. ஆளுக்கு 150 கிராம் போட்டாலும் 1000 பேருக்கு ஒருவேளைச் சாப்பாடு.

கெட்டுப்போவது எங்கே? அரிசி களைந்த ஈரக்கையோடு எடுப்பதில்தான். கட்டி தட்டும், பூசணம் பிடிக்கும். ஆகவே முதல் பிடி இதற்கென்று வைத்த தனிப் பானைக்கு, பிறகுதான் உலைக்கு ஆழாக்கு. பானையை அலமாரிக்குள் வைத்தால் மூன்றாம் நாளே மறந்துபோகும். அரிசி டப்பா பக்கத்திலேயே வையுங்கள். நன்றாகக் காய்ந்த வேப்பிலையோ நாலு வற்றல் மிளகாயோ போட்டால் வண்டு அண்டாது. வண்டு வந்துவிட்டால் சலித்து நிழலில் உலர்த்துங்கள். சுள்ளென்ற வெயிலில் அரிசி நொறுங்கும். முக்கியமாக, பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் கலக்காதீர்கள். பச்சரிசி குழையும்வரை புழுங்கல் விதைவிதையாகவே நிற்கும், சமையல்காரர் நம்மைத்தான் திட்டுவார்.

ரேஷன் அரிசி கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வீட்டில் நீங்கள் சாப்பிடுகிற அரிசி எதுவோ அதைக் கொடுங்கள். ‘தனக்கு மிஞ்சித்தான்’ என்று கோழிக்கு ஒதுக்கியதைக் கொண்டுவர வேண்டாம்.

பந்தல் வாசலில் மூடிபோட்ட டப்பாக்கள் இருக்கின்றன. பச்சரிசிக்குப் பச்சைத் தாள், புழுங்கலுக்கு மஞ்சள். மாதக் கடைசி ஞாயிறு காலை மன்றத்தார் வீடு வீடாக வருவார்கள். அந்தி விளக்கு பாக்கியிருக்கிறது. ஆனால் தலைவர் இரண்டாம் முறை கடிகாரம் பார்த்துவிட்டார். வணக்கம்.