டிரேயில் காட்டியதோடு முடிந்துவிடக் கூடாது

(வேலூரில் மகளிர் குழுவினரும் கல்லூரி மாணவிகளும் வந்திருந்த ஒரு கூட்டத்தில் பேசியது. எழுத்துக்காகக் கொஞ்சம் சரிசெய்யப்பட்டுள்ளது.)

எல்லோருக்கும் வணக்கம். பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மரபணு அளவில் நடக்கும் ஆராய்ச்சி பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பை அறிவித்ததுமே பின்வரிசையில் இரண்டு பேர் செல்போனைக் கையில் எடுத்ததைப் பார்த்தேன். பரவாயில்லை. நான் பல வருடம் பயாப்சி லேப்பில் வேலை பார்த்தவள். மைக்ராஸ்கோப்பைப் பார்த்துப் பழகிய அளவுக்கு மைக்கைப் பார்த்துப் பழக்கம் இல்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்ததும் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வருகிறார். கையில் ஒரு டிரே. “நல்லா பாத்துக்கோங்க, எடுத்தாச்சு” என்கிறார். புருஷன் எட்டிப் பார்க்கிறார், மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். டிரே உள்ளே போய்விடுகிறது. இங்கே பாதிப் பேர் இதைப் பார்த்திருப்பீர்கள். சரி, அதற்கப்புறம் அந்தக் கர்ப்பப்பை எங்கே போகிறது? இன்று நான் பேச வந்தது இந்த ஒரு கேள்வியைத்தான்.

அது பார்மலின் என்ற, திசுவை அழுகாமல் காக்கும் திரவம் ஊற்றிய டப்பாவுக்குள் போக வேண்டும். சும்மா போட்டு மூடினாலும் போதாது. பார்மலின் திசுவுக்குள் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கும். கர்ப்பப்பையைத் திறக்காமல் முழுசாகப் போட்டால், மருந்து உள்ளே போய்ச் சேர்வதற்குள் உட்பகுதி அழுகிவிடும். நமக்கு வேண்டியதோ பெரும்பாலும் அந்த உட்பகுதிதான். இன்னும் சில இடங்களில் சலைன் தண்ணீரில் போட்டு, கேரி பேக்கில் கட்டி, “லேப்ல குடுத்துட்டு வாங்க” என்று உறவினர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் டீ குடித்து, பஸ் பிடித்து, மறுநாள் வருவார். அதற்குள் பார்க்க வேண்டியதில் பாதி போயிருக்கும். லேப்புக்கே அனுப்பாத இடங்களும் உண்டு. “சாதாரணக் கட்டிதானே, எதுக்கு வீண் செலவு” என்பார்கள். சாதாரணக் கட்டி என்று எப்படித் தெரிந்தது? பார்த்தால்தானே தெரியும்!

ஒழுங்காக வந்து சேர்ந்த திசுவிலிருந்து தபால்தலை அளவுக்குத் துண்டுகள் எடுத்து மெழுகில் பதிப்போம். அதுதான் பிளாக். அதிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் 250இல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றினால் ஸ்லைடு. பிளாக் பல வருடங்கள் கெடாது. பத்து வருடம் கழித்து ஒரு புது மருந்து வந்தால், அது இந்த அம்மாவுக்குப் பொருந்துமா என்பதை அந்த மெழுகுத் துண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: மெழுகு உருகும் சூடு 60 டிகிரிக்குப் பக்கம். நம் ஊர் கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விடாதீர்கள்.

காட்பாடி ஸ்டேஷனில் போய்ப் பாருங்கள். மேற்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வைத்தியத்துக்கு இறங்கும் குடும்பங்களின் கையில் ஒரு பை இருக்கும். ஃபைல், ஸ்கேன் படம், துணியில் சுற்றிய ஸ்லைடு, பிளாக் எல்லாம் அதில் இருக்கும். நம் ஊரில் கடை போர்டே பெங்காலியில் எழுதும் அளவுக்கு அவர்கள் வருகிறார்கள். ஆனால் குடியாத்தத்திலிருந்தும் அணைக்கட்டிலிருந்தும் வருகிற நம் ஆட்களிடம் பிளாக் எங்கே என்று கேட்டால், “அதெல்லாம் குடுக்கலியே மேடம்” என்பார்கள். கேட்கவே இல்லை என்பதுதான் நிஜம்.

அந்தத் துண்டில் அப்படி என்னதான் படிக்கிறார்கள்? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2022 கணக்குப்படி இந்தியாவில் ஒரு வருடத்தில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இது புதிதாக வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். இதற்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். ஜெர்மனியில் ஹரால்ட் ட்சுர் ஹவுசன் என்ற விஞ்ஞானி 1983இலும் 1984இலும் இந்த வைரஸின் 16ஆம், 18ஆம் வகைகளைப் புற்றுநோய்த் திசுவுக்குள் கண்டுபிடித்தார். 2008இல் நோபல் பரிசு பெற்றார். இந்த நோயில் நூற்றுக்கு எழுபது இந்த இரண்டு வகைகளால்தான் வருகிறது.

வைரஸ் செய்கிற வேலை ரொம்ப நுட்பமானது. நம் செல்லில் பி53 என்று ஒரு புரதம் இருக்கிறது. மரபணு சேதமானால், செல் பெருகுவதை நிறுத்துவதும் தேவைப்பட்டால் அந்தச் செல்லைச் சாகடிப்பதும் அதன் வேலை. வைரஸின் இ6 என்ற புரதம் இந்த பி53ஐ அழிக்க வைக்கிறது. இ7 என்ற இன்னொன்று, ஆர்.பி. என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. இரண்டும் போனபின் செல்லைத் தடுக்க ஆள் இல்லை. ஆனால் பயப்படாதீர்கள். இந்த வைரஸ் தொற்று பெரும்பாலோருக்கு ஒரு கட்டத்தில் வரும், பத்தில் ஒன்பது தொற்று இரண்டு வருடத்துக்குள் தானாகப் போய்விடும். தங்கிவிட்டதுதான் ஆபத்து. அதுவும் புற்றாக மாறப் பத்து, இருபது வருடம் எடுக்கும். இருபது வருட அவகாசம் தருகிற நோயில் வருடத்துக்கு 80,000 பேர் போகிறார்கள் என்றால், அது விஞ்ஞானத்தின் போதாமை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இதற்கான சான்று பலவும் நம் பக்கத்திலேயே உருவானது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாக வைத்து நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற நர்சுகள் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து தடவிக் கர்ப்பப்பை வாயைப் பார்த்தார்கள். இந்த எளிய பரிசோதனையால் இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் முடிவு வெளியானது. மகாராஷ்டிரத்தில் உஸ்மானாபாத்தில் வைரஸின் மரபணுவையே தேடும் பரிசோதனையை ஒரே ஒரு தடவை செய்தார்கள். இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அது 2009இல் வந்தது.

இந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசியின் கதை இதைவிட வேடிக்கை. இரண்டு ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்க அம்பிளிக்கை உள்பட நாட்டின் பல ஊர்களில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். வேறொரு திட்டத்தில் எழுந்த சர்ச்சையால் 2010இல் அரசு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னது. ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் ஒரே ஒரு ஊசியோடு நின்றுபோனார்கள். ஆராய்ச்சியாளர்கள் விட்டுவிடவில்லை, அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால், நிலைத்து நிற்கும் 16, 18 வகைத் தொற்றுக்கு எதிராக ஒரு ஊசியே சுமார் 95 சதவீதப் பாதுகாப்பு கொடுத்திருந்தது! ஒரு ஊசியும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னதற்குப் பின்னால் இந்தப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஆனாலும் பரிசோதனைக்கு வருவதில்லை. காரணம் கூச்சம். ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மாவின் கதை உங்களுக்குத் தெரியும். 1890களில் திண்டிவனத்தில், ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்பதற்காக ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைக் கண்டுதான் அவர் டாக்டருக்குப் படித்தார். 1918இல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, கூச்சம் அப்படியே இருக்கிறது. வைரஸின் மரபணுவைத் தேடும் அந்தப் பரிசோதனை இதற்கும் ஒரு வழி செய்திருக்கிறது. சின்ன பிரஷ் ஒன்றைக் கொடுத்துவிட்டால் பெண்ணே தனியாகப் போய் மாதிரி எடுத்துத் தரலாம். இப்படி எடுத்த மாதிரியும் ஏற்கத்தக்கது என்று 2021 முதல் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

அடுத்தது சினைப்பை. இது வேறு கதை, கொஞ்சம் கஷ்டமான கதை. அறிகுறி தெரிவதற்குள் வயிறு முழுக்கப் பரவியிருக்கும். இங்கிலாந்தில் இரண்டு லட்சம் பெண்களை வைத்து, வருடா வருடம் சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று செய்து பார்த்தார்கள். இறப்பு குறையவில்லை என்று 2021இல் தெரிந்தது. ஆகவே ஹெல்த் செக்கப் பேக்கேஜில் சி.ஏ. 125 இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுப் பணம் கட்டாதீர்கள்.

இதில் ஒரு பெரிய உண்மை லேப் மேஜையில்தான் வெளிவந்தது. பரம்பரையாக ஆபத்து உள்ள பெண்களுக்கு முன்கூட்டியே சினைப்பையையும் கருக்குழாயையும் எடுப்பார்கள். முன்பெல்லாம் கருக்குழாயில் பேருக்கு ஒரு துண்டு வெட்டிப் பார்ப்பது வழக்கம். 2000 வாக்கில் சிலர் அதை முழுசாக, மெல்லிசாகச் சீவிப் பார்த்தார்கள். சினைப்பைப் புற்று என்று நாம் சொல்லி வந்த மோசமான வகையின் ஆரம்பப் புள்ளி, பல பேருக்குக் கருக்குழாயின் நுனியில் இருந்தது. அதிலும் அதே பி53தான் கெட்டுப்போயிருந்தது. இத்தனை காலம் தேடிய இடத்துக்குப் பக்கத்து இடம்! கருக்குழாயை அடைக்கும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களுக்குச் சினைப்பைப் புற்று குறைவாக வருவது ஏன் என்பதற்கும் இது ஓரளவு விளக்கம் தருகிறது.

பரம்பரை என்றேன். பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்று இரண்டு மரபணுக்கள். மேரி கிளேர் கிங் என்ற அம்மையார் 1990இல் முதலாவது 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். இவற்றில் பழுது இருந்தால் மார்பகம், சினைப்பை இரண்டிலும் புற்று வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும். இங்கே நம் வீடுகளில் ஒரு தப்பு நடக்கிறது. டாக்டர் கேட்டால் அம்மா, சித்தி, பாட்டி கதையை மட்டும் சொல்வார்கள். அத்தைக்கு மார்பகக் கட்டி வந்தது என்பதைச் சொல்ல மாட்டார்கள். இந்தப் பழுது அப்பா வழியாகவும் சரிபாதி வாய்ப்போடு வரும். அப்பாவுக்கு ஒன்றும் ஆகாமலே மகளுக்குக் கடத்தலாம். இன்னொரு பக்கம், பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்று அத்தையின் நோயையே “வயித்துல புண்ணு” என்று மாற்றிச் சொல்லிவிடுகிற குடும்பங்கள். ஜாதகத்தைப் பத்து பேரிடம் காட்டுகிறோம், இதை ஒரு டாக்டரிடம் சொல்லக் கூடாதா?

தெரிந்தால் என்ன லாபம் என்றால், மருந்து இருக்கிறது. வேலூரிலிருந்து காட்பாடி போகப் பாலாற்றின் மேல் பழைய பாலம், புதுப் பாலம் என்று இரண்டு இருக்கின்றன. (ஆற்றில் தண்ணீர் எங்கே என்று கேட்காதீர்கள்.) ஒன்றை அடைத்தால் வண்டிகள் மற்றதில் போகும். செல் தன் மரபணுச் சேதத்தைச் சரிசெய்யும் வழிகளும் அப்படித்தான். பி.ஆர்.சி.ஏ. கெட்ட புற்றுச் செல்லில் ஒரு பாலம் ஏற்கெனவே இடிந்துவிட்டது. பார்ப் என்ற புரதம் தாங்கும் இன்னொரு பாலத்தையும் மருந்தால் அடைத்துவிட்டால் அந்தச் செல் செத்துப்போகும். நல்ல செல்லுக்கு ஒரு பாலம் மிச்சம் இருப்பதால் தாக்குப்பிடிக்கும். 2005இல் ஆய்வகத்தில் காட்டிய இந்த யோசனை, 2014இல் ஒலாபரிப் என்ற மாத்திரையாக அனுமதி பெற்றது. இந்த மாத்திரை பொருந்துமா என்று பார்க்க ரத்தம் வேண்டும், பல சமயம் பிளாக்கும் வேண்டும்.

கர்ப்பப்பையின் உள்வரிப் புற்றையும் 2013இல் மரபணுவை வைத்து நான்காகப் பிரித்தார்கள். அதில் போல் (POLE) என்ற மரபணு மாறிய வகை மைக்ராஸ்கோப்பில் பயங்கரமாகத் தெரியும், ஆனால் நோயாளி நன்றாகவே இருப்பார். கண்ணை மட்டும் நம்பிய எங்களுக்கு அது ஒரு அடிதான். மார்பகம், நுரையீரல், குடல் எல்லாவற்றிலும் இன்று இதே நிலைமை. எந்த உறுப்பு என்பதோடு, எந்த மரபணு என்றும் கேட்டுத்தான் மருந்து எழுதுகிறார்கள்.

ஆராய்ச்சிக்குத் திசு கொடுக்கலாமா என்று தயங்குவீர்கள். நியாயம்தான். 1951இல் அமெரிக்காவில் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கர்ப்பப்பை வாய்க் கட்டியிலிருந்து அவரைக் கேட்காமலே செல்களை எடுத்தார்கள். ஹீலா என்ற பெயரில் உலகத்து லேப்களில் அவை இன்றும் பெருகுகின்றன. அவர் குடும்பத்துக்குப் பல வருடம் எதுவும் தெரியாது. இன்று உங்கள் சம்மதக் கையெழுத்து இல்லாமல் அப்படிச் செய்யக் கூடாது. கையெழுத்துப் போடும் முன் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். மாட்டேன் என்றாலும் வைத்தியம் குறையாது.

கடைசியில் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: “எனக்கு ஆறு வருஷம் முன்னாடியே கர்ப்பப்பை எடுத்துட்டாங்க. இனிமே எனக்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லைதானே?”

எதற்காக எடுத்தார்கள், வாய்ப்பகுதியும் சேர்த்து எடுத்தார்களா, சினைப்பை உள்ளே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அம்மா. வெறும் நார்க்கட்டி, வாயும் சேர்த்து எடுத்தாகிவிட்டது, பயாப்சியில் சுத்தம் என்றால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பொதுவாக வேண்டியதில்லை. அந்த பயாப்சி ரிப்போர்ட் வீட்டில் இருக்கிறதா? “டிஸ்சார்ஜ் சீட்டு இருக்குது, அது இருக்குதான்னு தெரியல” என்றார். அப்படியானால் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போய், எந்த லேப்புக்கு அனுப்பினார்கள் என்று கேளுங்கள். லேப்பில் நம்பரைச் சொன்னால் ரிப்போர்ட் நகல் எடுத்துத் தருவார்கள், பிளாக் இருந்தால் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அனுப்பவே இல்லை என்று சொன்னால், சீட்டோடு ஒரு மகப்பேறு டாக்டரைப் பார்த்து, ஒரு தடவை உள்பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நடுவில் ஒரு துளி ரத்தம் பட்டாலும் அதுவரை காத்திருக்காதீர்கள்.