எதிர் வீட்டு அம்மா ஏன் ஓட்டுப் போடல

வணக்கம் நேயர்களே. நான் அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துல, ரிச்மண்ட் பக்கத்துல இருக்கேன், சிட்டிசன்ஷிப் வாங்கினதுலருந்து ஒரு எலெக்ஷனையும் விட்டதில்ல. எங்க எதிர் வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க, ரிட்டயர்டு நர்ஸ், இங்கயே பொறந்து வளந்தவங்க. போன தடவ நான் ஓட்டுப் போட்டுட்டு சட்டைல ஓட்டுப் போட்டதுக்குக் குடுக்குற ஸ்டிக்கரோட வரேன், அவங்க வாசல்ல நின்னுட்டு, எனக்கு அதெல்லாம் வேணாம், ஃபேஸ்புக்கத் திறந்தாலே என் அண்ணனும் தங்கச்சி பையனும் ஒருத்தர ஒருத்தர் துரோகின்னு திட்டிக்கிறாங்க, நான் எந்தப் பக்கம் போனாலும் வீட்டுல ஒருத்தருக்கு ஆகாதவளாயிடுவேன்னு சொன்னாங்க. இத சோம்பேறித்தனம்னு சொல்ல எனக்கு மனசு வரல. கேட்டுக் கேட்டு வெறுத்துப் போச்சு அவங்களுக்கு.

இப்படி ஒதுங்குறவங்களால யாருக்கு லாபம்னு பாருங்க. 2020 அதிபர் தேர்தல்ல ஓட்டுரிமை உள்ளவங்கள்ல மூணுல ரெண்டு பேர் போட்டாங்க, 1900க்கு அப்புறம் அதான் அதிகம். ஆனா அதிபர் தேர்தல் இல்லாம நடுவுல வர்ற மிட்டெர்ம் தேர்தல்ல, 2014ல 37 சதவீதம் கிட்டதான். கட்சி வேட்பாளர் யாருன்னு ஓட்டுப் போட்டு முடிவு பண்ற ப்ரைமரிக்கு அதுலயும் கம்மி. பாதி தொகுதிக்கு மேல ஒரே கட்சி கோட்டையா இருக்குற நாட்டுல ப்ரைமரில ஜெயிச்சாலே சீட்டு கைல. மத்தவங்க ஒதுங்கிட்டா, வெறியோட வர்ற கொஞ்சப் பேர் வச்சதுதான் சட்டம். அதே 2014ல எங்க பக்கத்துத் தொகுதில எரிக் கேன்டர், பிரதிநிதிகள் சபைல பெரும்பான்மைக் கட்சித் தலைவர், சொந்தக் கட்சி ப்ரைமரிலயே தோத்தாரு, குடியேற்ற விஷயத்துல மென்மையா இருக்காருன்னு சொல்லியே தோக்கடிச்சாங்க. ஏழு லட்சம் பேர் இருக்குற தொகுதில ஓட்டுப் போட்டது சுமார் 65 ஆயிரம் பேர். அதப் பாத்த எந்த எம்பி இனிமே எதிர்க்கட்சியோட உக்காந்து பேசுவாரு சொல்லுங்க?

ஆன்லைன்ல கிளப்புற வெறி ஓட்டர்ஸ மட்டும் விரட்டல. 2020ல அட்லாண்டால ஓட்டு எண்ணுன ஒரு அம்மாவும் பொண்ணும், அவங்க கை மாத்திக்கிட்டது ஓட்டு மோசடிக்கான யுஎஸ்பி டிரைவ்னு வீடியோவக் காட்டி டிரம்ப்போட வக்கீல் ரூடி ஜூலியானி பரப்புனாரு. பொண்ணு 2022ல நாடாளுமன்றக் கமிட்டி முன்னாடி சொன்னாங்க, அது இஞ்சி மிட்டாய். அந்த மிட்டாய்க்காக கொலை மிரட்டல், எஃப்பிஐ சொல்லி அந்த அம்மா தன் வீட்ட விட்டே வேற இடத்துல போய் இருக்க வேண்டியதாச்சு, ரெண்டு பேரும் அந்த வேலைய விட்டுட்டாங்க. 2023 டிசம்பர்ல 148 மில்லியன் டாலர் நஷ்டஈடு குடுக்கணும்னு ஜூரி சொல்லுச்சு, ஆனா போன நிம்மதி போனதுதானே. இதப் பாத்துட்டு எண்ணுற மேஜைக்கு எவங்க வருவாங்க, எனக்கு அதான் வயித்தக் கலக்குது.

எதிர் வீட்டம்மாகிட்ட நான் புள்ளிவிவரம் பேசல, எங்க மாநிலத்துல நியூபோர்ட் நியூஸ்னு ஒரு ஊர் இருக்கு, அந்த ஊர்க் கதையத்தான் சொன்னேன். 2017ல அங்க மாநில சபை சீட்டுக்கு ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 11,608 ஓட்டு, சமம். 2018 ஜனவரி 4ஆம் தேதி பேர எழுதிச் சுருட்டி ஃபிலிம் டப்பாக்குள்ள போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்துல குலுக்கி, ஒண்ண எடுத்தாங்க. குடியரசுக் கட்சிக்காரர் பேர் வந்துச்சு, அதோட சபையே 51க்கு 49ன்னு அந்தக் கட்சி கைல நின்னுச்சு. அந்த ஊர்ல அன்னிக்கு வீட்டுலயே இருந்த யாரோ ஒருத்தர் போயிருந்தா அந்தக் கிண்ணத்துக்கு வேலையே இருந்திருக்காது.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், ப்ரைமரின்னா கட்சில சேரணுமேன்னு கேட்டாங்க. வர்ஜீனியால சேர வேணாம், ஏதாவது ஒரு கட்சி ப்ரைமரில போடலாம், காலைல ஆறு மணிக்குத் திறப்பாங்கன்னேன். அப்போ அன்னிக்கு வந்து கதவத் தட்டுன்னாங்க, அஞ்சே முக்காலுக்குத் தட்டுறேன்னு சொல்லியிருக்கேன்.