அடிபட்டால் சிவக்கும் பிளாஸ்டிக்

அனைவருக்கும் வணக்கம்.

விமானத்தைப் பழுதுபார்க்கும் இடத்தில் ஒரு மெக்கானிக்கின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி இறக்கையின் மேல் விழுகிறது என்று வையுங்கள். அலுமினிய இறக்கையாக இருந்தால் அந்த இடம் குழிந்துவிடும், யார் பார்த்தாலும் தெரியும். ஆனால் போயிங் 787 போன்ற இன்றைய விமானங்களின் எடையில் ஏறக்குறையப் பாதி, கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருள். அதன் மேல் ஸ்பேனர் விழுந்தால் வெளியே ஒன்றுமே தெரியாமல் போகலாம். உள்ளே அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும் இழைத் தாள்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். இப்படிக் கண்ணுக்குப் படாத சேதம் எப்படியும் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் இறக்கையை வடிவமைக்கிறார்கள். அதனால் தேவைக்கு மேல் தடிமன், தேவைக்கு மேல் எடை. சேதத்தைத் தேட அல்ட்ராசவுண்ட் கருவியும், அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். எங்கே தேடுவது என்றும் யாராவது சொல்ல வேண்டும்.

நம் உடம்பு இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. முழங்காலில் இடித்துக்கொண்டால் அந்த இடம் கன்றிப்போகிறது. டாக்டர் வருவதற்கு முன்பே "இங்கேதான்" என்று தோல் காட்டிவிடுகிறது. ஒரு பிளாஸ்டிக்கும் அப்படிக் கன்றிப்போகுமா? இதைத்தான் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மூர், நான்சி சாட்டோஸ், ஸ்காட் ஒயிட் ஆகியோரின் குழு பல ஆண்டுகளாகச் செய்துவந்தது.

2009-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன், ஏனென்றால் அதன் வேதியியல் அவ்வளவு அழகு. ஸ்பைரோபைரான் என்று ஒரு மூலக்கூறு. அதற்கு இரண்டு பாதிகள். ஒன்றுக்கொன்று செங்குத்தாக, ஒரே ஒரு கார்பன் அணுவில் சேர்ந்து நிற்கும். இந்த நிலையில் அதற்கு நிறம் கிடையாது. அதில் ஒரு கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே உள்ள பிணைப்பு மட்டும் சற்றுப் பலவீனமானது. அது அறுந்தால் மூலக்கூறு விரிந்து தட்டையாகிவிடும். இரண்டு பாதிகளிலும் உள்ள எலக்ட்ரான்கள் ஒரே நீளமாகப் பரவும். உடனே கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சத் தொடங்கி, சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறிவிடும்.

சரி, அந்தப் பிணைப்பை இழுத்து அறுப்பது யார்? அங்கேதான் அவர்களுடைய சாமர்த்தியம். மூலக்கூறின் இரண்டு பாதிகளிலும் பாலிமர் சங்கிலிகளை, அதாவது பிளாஸ்டிக்கை உருவாக்கும் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளை, இணைத்தார்கள். பிளாஸ்டிக்கை இழுத்தால் சங்கிலி இழுபடும். சங்கிலி அந்தப் பலவீனமான பிணைப்பை இழுக்கும். இழுக்க இழுக்க, அறுந்துபோவதற்கு முன்பே அந்தத் துண்டு சிவந்தது. இது சூட்டால் வந்ததல்ல, விசையால்தான் வந்தது என்று எப்படி நம்புவது? அதையும் சோதித்தார்கள். மூலக்கூறைச் சங்கிலியின் ஒரு நுனியில் மட்டும் தொங்கவிட்டு, அதே மாதிரி இழுத்தார்கள். நிறம் மாறவில்லை. இழுவிசை மூலக்கூறின் குறுக்கே போனால்தான் அது வாய்திறக்கிறது. என்னைக் கேட்டால், அந்த ஆய்விலேயே மிக முக்கியமானது இந்த நிறம் மாறாத துண்டுதான்.

ஆனால் இதை அப்படியே இறக்கையில் பூசிவிட முடியாது. ஸ்பைரோபைரான் புற ஊதா ஒளி பட்டாலும் நிறம் மாறும், சூடு பட்டாலும் மாறும். சாதாரண வெளிச்சம் அந்த நிறத்தைத் திரும்ப அழித்தும்விடும். வெயிலில் கிடக்கும் பொருளில் அது அடிபடாமலே சிவக்கும், அடிபட்ட பிறகு வெளுக்கும்.

அதே குழு 2016-இல் இன்னொரு வழியைக் காட்டியது. இது எளிமையானது, பயன்பாட்டுக்கு இதுவே நெருக்கமானது என்பது என் கணிப்பு. எப்பாக்ஸி என்ற பிசினால் ஆன பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகளைக் கலக்கிறார்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் வெளிர் மஞ்சள் நிறச் சாயக் கரைசல். பூச்சு கீறினால் உறை உடையும், சாயம் வெளியே வரும். எப்பாக்ஸியை இறுகவைக்கச் சேர்த்த அமீன் என்ற வேதிப்பொருளில் மிச்சமிருப்பது அதோடு வினைபுரிந்து பளிச்சென்று சிவக்கவைக்கும். 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள விரிசலைக்கூட இப்படிக் காட்ட முடிந்தது. ஒரு தலைமுடியின் தடிமன் அதைவிடப் பல மடங்கு. எப்பாக்ஸி அல்லாத பூச்சுகளுக்கு? அதற்கும் வழி கண்டார்கள். கரைந்திருக்கும்போது ஒளிராமல், கரைப்பான் ஆவியாகி மூலக்கூறுகள் ஒன்றுகூடியதும் புற ஊதா விளக்கில் ஒளிரும் ஒரு பொருளை உறையில் அடைத்தார்கள். அதற்கு எந்த வேதிவினையும் தேவையில்லை, ஆகவே பலவகைப் பிளாஸ்டிக்குகளுக்கும் பொருந்தியது.

ஒரு வித்தியாசத்தை இங்கே கவனியுங்கள். உறை, விரிசல் விழுந்த பிறகு சொல்கிறது. ஸ்பைரோபைரான், விரிசல் விழுவதற்கு முன்பே, பொருள் திணறும்போதே சொல்கிறது. முன்கூட்டிச் சொல்வது நம்பகமாக இல்லை. நம்பகமாகச் சொல்வது கொஞ்சம் தாமதம். இந்தத் துறையின் இன்றைய இழுபறி பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் சாயமே இல்லாமல் இதைச் செய்கிறார்கள். மெல்லிய கண்ணாடி இழை அடுக்குக்குக் கீழே, சீக்கிரம் உடையக்கூடிய கார்பன் அடுக்கு ஒன்று. அளவுக்கு மீறிய பாரம் வந்தால் கார்பன் துண்டு துண்டாக உடைந்து, கறுப்பாக இருந்த பரப்பில் வெளிறிய கோடுகள் தெரியும். நாசாவின் கென்னடி விண்வெளி மையத்தில் லூஸ் மரினா காயே தலைமையிலான குழு துருவுக்கு இதே வேலையைச் செய்தது. அட்லாண்டிக் கரையின் உப்புக் காற்றும் ராக்கெட் புகையின் அமிலமும் சேர்ந்து ஏவுதளத்து இரும்பை அரிக்கும். இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும்போது சில இடங்களில் காரத்தன்மை ஏறும். காரத்தில் மட்டும் திறக்கும் சாய உறையைப் பெயின்டில் கலந்தால், துரு வெளியே வருமுன்பே நிறம் வந்துவிடும்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஒரு விமானத்தின் மேற்கூரை நடுவானில் பிய்ந்து பறந்தது. 89,680 முறை பறந்திருந்த பழைய போயிங் 737. ஒரு பணிப்பெண் உயிரிழந்தார். தரையிறங்கிய பிறகு ஒரு பயணி சொன்னார்: ஏறும்போதே கதவருகே உடற்பகுதியில் விரிசலைப் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. அவரை எப்படிக் குறை சொல்வது? அது ஆபத்தான விரிசலா, பெயின்டின் கோடா என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நிறம் மாறும் பொருளின் மதிப்பை நான் அந்தப் பயணியின் இடத்தில் நின்று பார்க்கிறேன். படிப்பும் கருவியும் இல்லாதவரும் தயங்காமல் கைநீட்டிக் காட்டுகிற மாதிரி சேதம் இருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் இந்தப் பொருள் முதலில் போக வேண்டிய இடம் விமானம் அல்ல. விமானத்துக்கு அல்ட்ராசவுண்டும் இன்ஸ்பெக்டரும் இருக்கிறார்கள். உங்கள் ஹெல்மெட்டுக்கு யார் இருக்கிறார்கள்? அதன் உள்ளே இருக்கும் தெர்மாகோல், ஒருமுறை பலமாக அடிபட்டால் நசுங்கி, நசுங்கியபடியே நின்றுவிடும். அடுத்த அடியை அது தாங்காது. வெளி ஓடு மட்டும் பளபளவென்று இருக்கும்; அதையே மாட்டிக்கொண்டு போவோம், தம்பிக்கும் கொடுப்போம். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குண்டுவெடிப்பின் அதிர்வு பட்டால் நிறம் மாறும் நுண்படிகப் பட்டைகளைப் படைவீரர்களின் ஹெல்மெட்டுக்கென்றே யோசித்து உருவாக்கினார்கள். அவர்களுக்குச் சாத்தியமானதை டூவீலர் ஓட்டுபவருக்கும் சாத்தியமாக்குவது விலையையும் உற்பத்தியையும் பற்றிய கேள்வி. இங்கே பாலிமர் படிக்கும் மாணவர்கள் இருக்கிறீர்கள். வெயிலுக்கும் வியர்வைக்கும் நிறம் மாறாமல், அடிக்கு மட்டும் மாறி, மாறிய நிறம் மறையாமல் நிற்கும் ஒரு பட்டை, ஹெல்மெட்டின் விலையில் சில ரூபாய்க்குள் வேண்டும். உங்கள் ப்ராஜெக்டுக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இன்று வந்தேன்.