ஒரு தலைமுறைக்கு எத்தனை ஆண்டு?

நேயர்களுக்கு வணக்கம்.

புரசைவாக்கத்தில் இருந்த என் பாட்டிக்கு எட்டுப் பிள்ளைகள். மூத்த பெரியப்பா பிறந்தபோது பாட்டிக்கு 17 வயது. கடைக்குட்டியான என் அப்பா பிறந்தபோது 38. இதில் எதைத் தலைமுறைக் கணக்காக எடுப்பது? "அந்தக் காலத்தில் இருபது வருஷத்துக்கு ஒரு தலைமுறை" என்று சொல்கிறோமே, அது தலைப்பிள்ளையை மட்டும் வைத்துச் சொல்வது. எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். அப்பாவிடம் கேட்டு எழுதிக் கூட்டிப் பார்த்தேன். பாட்டிக்குச் சராசரி 27 வந்தது. தாத்தா பத்து வயது மூத்தவர், அவருக்கு 37.

சரி, பிறந்த தேதியே எழுதி வைக்காத காலத்துக்கு என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது என்பதுதான் மரபியல் பாடம் நடத்தும் எனக்கு இன்றும் வியப்பு. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் டிஎன்ஏவிலும், பெற்றோரிடம் இல்லாத புதிய மாற்றங்கள் சுமார் 60, 70 இருக்கும். பெரும்பாலும் அப்பா வழியில் வருபவை. விந்தணுவை உண்டாக்கும் செல்கள் ஆயுள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருக்கின்றன. அப்பாவுக்கு ஒரு வயது கூடினால் மாற்றமும் ஒன்றிரண்டு கூடும். அம்மாவின் கருமுட்டைகளோ அவர் பிறக்கும் முன்பே உருவாகிவிடுகின்றன. அதனால் அவர் பங்கு மெதுவாகத்தான் ஏறும். எண்ணிக்கை மட்டுமல்ல, எந்த வகை மாற்றம் அதிகம் என்பதும் பெற்றோர் வயதைப் பொறுத்து மாறும். ஐஸ்லாந்துக் குடும்பங்களிடம் இதைக் கற்றுக்கொண்டு, இன்றைய மனிதர்களிடம் தங்கியிருக்கும் பழைய மாற்றங்களைப் படித்தார்கள் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள்.

2023இல் விடை வந்தது. கடந்த 2,50,000 ஆண்டுகளில் பெற்றோர் ஆன சராசரி வயது 26.9. தந்தைக்கு 30.7, தாய்க்கு 23.2. கடந்த 5,000 ஆண்டுகளில் தாயின் வயது ஏறி, இடைவெளி குறைந்திருக்கிறது.

இந்த இடைவெளியில்தான் என் மனம் நிற்கிறது. அப்பா, அவருடைய அப்பா என்று ஆண் வழியாகவே பின்னால் போனால் அத்தனை காலத்துக்கும் சுமார் 8,100 பேர். அம்மா, அவருடைய அம்மா என்று போனால் சுமார் 10,800 பேர். காலம் ஒன்றுதான், ஆனால் அம்மா வழி வரிசை அத்தனை நீளம்!

அப்புறம், நம் ஊருக்கு வருவோம். சென்னையில் 1639இல் ஆங்கிலேயர் ஜார்ஜ் கோட்டைக்கு இடம் வாங்கியதிலிருந்து இன்றுவரை 27ஆல் வகுத்தால் பதினான்கு தலைமுறைதான். கீழடியின் 2,600 ஆண்டுகளுக்கு நூறுகூட இல்லை. தலைமுறைக்கு ஒருவராக அத்தனை பேரையும் வரச் சொன்னால், மாலை நேரத்து 29சி பேருந்தில் நெருக்கியடித்து ஏறிவிடுவார்கள்.

நன்றி, வணக்கம்.