ஹெப்பாரின்: சங்கிலியின் நீளமும் நொதியின் முடக்கமும்

அவையோருக்கு வணக்கம்.

ஹெப்பாரினை 'இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து' என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். உண்மையில் அது இரத்தத்தை நீர்க்கச் செய்வதுமில்லை, உறைய வைக்கும் நொதிகளைத் தானே முடக்குவதுமில்லை. 1916-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், உறைதலைத் தூண்டும் பொருளைத் தேடப்போன ஜே மெக்லீன் என்ற மாணவர், அதைத் தடுக்கும் பொருளைக் கண்டார். கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. இன்று அது பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்தே எடுக்கப்படுகிறது. கல்லீரல் பெயரோடு நின்றுவிட்டது.

முடக்கும் வேலையைச் செய்வது நம் இரத்தத்தில் எப்போதும் இருக்கும் ஆன்டித்ராம்பின் என்னும் புரதம். தன்னிலிருந்து நீண்டிருக்கும் ஒரு வளையத்தை இரையாகக் காட்டி, அதை வெட்டவரும் த்ராம்பினை, அதாவது இரத்தத்தை உறைய வைக்கும் நொதியை, அது விடாமல் பிடித்துக்கொள்கிறது. தனித்திருக்கையில் மெதுவாக நடக்கும் இவ்வேலை, ஹெப்பாரின் உடனிருந்தால் ஆயிரம் மடங்குக்கும் மேல் விரைவுபெறுகிறது. ஹெப்பாரினோ செலவாவதில்லை, பிடி இறுகியதும் விலகி, அடுத்த ஆன்டித்ராம்பினைச் சேர்கிறது.

ஹெப்பாரின் என்பது சர்க்கரை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. அதில் ஆன்டித்ராம்பினோடு பொருந்துவது குறிப்பிட்ட வரிசையிலுள்ள ஐந்து அலகுகளே. அவற்றின் நடு அலகில் ஒரு சல்பேட் குறைந்தாலும் பிணைப்பு பெரிதும் தளர்ந்துவிடும். மருந்தாக வரும் சங்கிலிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் இவ்வரிசை உண்டு.

ஐந்தலகு பொருந்தியதும் ஆன்டித்ராம்பின் வடிவம் மாறுகிறது. உறைதலில் பங்குபெறும் மற்றொரு நொதியான, செயலூக்கம் பெற்ற பத்தாம் காரணியைப் பிடிக்க அதுவே போதும். த்ராம்பினுக்குப் போதாது. ஒரே சங்கிலி ஆன்டித்ராம்பினையும் த்ராம்பினையும் ஒருசேரத் தாங்கி அருகருகே கொண்டுவர வேண்டும். அதற்குக் குறைந்தது 18 அலகு நீளம் தேவை. சராசரி மூலக்கூறு எடை 4,500 டால்டன் அளவேயுள்ள, குறுகிய சங்கிலிகளாலான ஹெப்பாரின் வகையான எனாக்ஸபாரினில் பெரும்பாலான சங்கிலிகள் அந்நீளத்தை எட்டாததால், அது பத்தாம் காரணியையே மிகுதியாகத் தடுக்கிறது. ஐந்தலகை மட்டும் செயற்கையாகக் கட்டியமைத்த ஃபொண்டாபரினக்ஸ், த்ராம்பினை நேரடியாகத் தடுப்பதே இல்லை. ஹெப்பாரின் சொட்டு மருந்தைக் கண்காணிக்க உதவும், இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஏபிடிடி சோதனை இவ்விரண்டுக்கும் நம்பத்தக்கதாக இல்லாமற்போவது இதனால்தான்.

நீளத்துக்கும் விலை உண்டு. உறைகட்டியின் இழைகளான ஃபைப்ரின் வலையில் ஒட்டிய த்ராம்பினை நீண்ட சங்கிலி அந்த வலையோடு இன்னும் சேர்த்துக் கட்டிவிடுவதால், ஆன்டித்ராம்பினால் அதை எளிதில் நெருங்க முடிவதில்லை. ஹெப்பாரின் உறைகட்டி வளராமல் தடுக்கும். கரைக்கும் என்று எதிர்பார்ப்பது பிழை.

முறிமருந்திலும் நீளமே பேசுகிறது. நேர்மின் ஏற்றமுள்ள புரோட்டமின் நீண்ட சங்கிலிகளை முழுமையாகப் பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. எனாக்ஸபாரினை ஓரளவே முறிக்கிறது. ஃபொண்டாபரினக்ஸிடம் அது எடுபடுவதில்லை.