ஒரே ஒரு ஹிட், அதுவும் தோல்வி

[திரையில் ஸ்கோர் பலகை. பிட்ஸ்பர்க்: 0 – 12 – 1. மில்வாக்கி: 1 – 1 – 0]

இந்த ஆறு எண்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பேஸ்பால் ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் அணிக்கும் இப்படி மூன்று எண் போடுவார்கள். ரன், ஹிட், எரர். மைதானத்தில் உள்ள நான்கு பேஸையும் (நிலைகளையும்) ஒருவர் ஓடிச் சுற்றி வந்தால் ஒரு ரன். பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ் சேர்ந்தால் ஹிட். அவுட் ஆக்கியிருக்க வேண்டிய ஆளைக் கோட்டைவிட்டால் எரர்.

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 12 ஹிட் அடித்தும் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. மில்வாக்கி பிரேவ்ஸ் அடித்ததே ஒரு ஹிட்தான், அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். அச்சுப்பிழை எல்லாம் இல்லை. 1959 மே 26, மில்வாக்கி கவுன்டி ஸ்டேடியத்தில் நடந்தது.

பைரேட்ஸின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஹார்வி ஹாடிக்ஸ், இடது கைக்காரர். அன்றைக்கு அவருக்கு உடம்பு வேறு சரியில்லை. எதிரே நின்றது, அமெரிக்காவின் உயர்மட்டப் பேஸ்பாலான மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் முந்தைய இரண்டு ஆண்டும் முதலிடம் பிடித்த அணி. ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். ஒன்பது இன்னிங்ஸில் 27 பேரையும், ஒருவர்கூட முதல் பேஸை மிதிக்காமல் அவுட் ஆக்கி ஜெயித்தால் அது 'பெர்ஃபெக்ட் கேம்'. ஹாடிக்ஸ் 27 பேரையும் அனுப்பிவிட்டார். ஆனால் அவருடைய அணி ரன் எடுத்தால்தானே ஆட்டம் முடியும்? 10, 11, 12 என்று நீண்டுகொண்டே போனது. வந்த 36 பேரும் அவுட்!

சரி, அந்த 12 ஹிட் எங்கே போயிற்று? பிரேவ்ஸ் பிட்சர் லூ பர்டெட் ஹிட் கொடுப்பார், ரன் கொடுக்க மாட்டார். 13 இன்னிங்ஸும் அவரே வீசினார். மூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் பைரேட்ஸுக்கு மூன்று ஹிட். நடுவில் ஒருவர் ஆசைப்பட்டு மூன்றாவது பேஸுக்கு ஓடி அவுட் ஆனார். என்னைக் கேட்டால், ஆட்டம் கைநழுவியது அங்கேதான்.

[திரையில்: 13-வது இன்னிங்ஸ்]

பைரேட்ஸின் டான் ஹோக் பந்தை எடுத்து முதல் பேஸுக்குத் தப்பாக எறிந்தார். எரர். பிரேவ்ஸின் ஃபெலிக்ஸ் மன்டிலா பேஸில். எடி மேத்யூஸ் பன்ட் செய்து (பந்தை மெல்லத் தட்டிவிட்டு), தான் அவுட்டாகி, அவரை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார். அடுத்து ஹேங்க் ஆரன். அவரிடம் வம்பு வேண்டாம் என்று வேண்டுமென்றே வாக் கொடுத்தார்கள், அதாவது அடிக்க விடாமலே முதல் பேஸுக்கு அனுப்பினார்கள். அப்புறம் ஜோ ஆட்காக், பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார்.

வேலியைத் தாண்டினால் ஹோம் ரன்: அடித்தவரும் பேஸில் இருப்பவர்களும் சுற்றி வந்துவிடலாம். அப்படியானால் மூன்று ரன் வர வேண்டுமே? ஆட்டம் முடிந்தது என்று நினைத்து ஆரன் பாதியில் ஓட்டத்தை விட்டு விலகிவிட்டார், பின்னால் வந்த ஆட்காக் அவரைத் தாண்டிவிட்டார். விதிப்படி ஆட்காக் அவுட். அவருடைய ஹோம் ரன் டபுளாக, அதாவது இரண்டாவது பேஸ் வரைக்குமான ஹிட்டாக, சுருங்கியது. பிறகு லீக் தலைவர், மன்டிலாவின் ரன் மட்டுமே செல்லும், 1–0 என்று தீர்த்துவைத்தார்.

[திரையில் ஹாடிக்ஸின் வரி: 12⅔ இன்னிங்ஸ், 1 ஹிட், 1 ரன், 0 ஏர்ன்டு ரன், 1 வாக், 8 ஸ்ட்ரைக் அவுட்]

அந்த ⅔ என்பது மேத்யூஸின் அவுட்டும் ஆட்காக்கின் அவுட்டும். ஏர்ன்டு ரன் என்பது பிட்சரின் பொறுப்பில் வரும் ரன். மன்டிலா எரரில் பேஸ் சேர்ந்தவர் என்பதால் அங்கே பூஜ்யம். ஆனாலும் தோல்வி ஹாடிக்ஸின் பெயரில்தான் ஏறியது.

1991-ல் மேஜர் லீக் விதியைத் திருத்தியது: ஆட்டம் முடியும்வரை ஒரு ஹிட்டும் கொடுக்காமல் இருந்தால்தான் 'நோ-ஹிட்டர்'. அத்தோடு ஹாடிக்ஸின் பெயர் அந்தப் பட்டியலிலிருந்தும் போனது.